வழிக்கல்லும் வீட்டுக்கல்லும்

உச்சி வெயில். பங்குனியோ சித்திரையோ, சரியாக நினைவில்லை. தண்ணீர் வற்றிப்போன ஓர் ஏரியின் ஓரத்தில், பிரசவப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் கல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல் என்றால் தனிக்கல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கல் வைத்து அடுக்கிய குவியல். பூந்தமல்லியிலிருந்து அந்த ஏரி வரைக்கும் எனக்கு வழி காட்டியவை அவைதான். பாதை பிரியும் இடத்துக்கு ஒன்று. அதுவரை பதினாலு பார்த்திருந்தேன். பதினைந்தாவது எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் நான் போகவேண்டும்.

ஏரிக்குள் இறங்கும் இடத்தில் பதினைந்தாவது இருந்தது. அதை ஒட்டியே பதினாறாவது. அதற்குப் பின்னால் பதினேழு, பதினெட்டு. நூற்றிருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏரி முழுக்கக் குவியல். ஒவ்வொன்றிலும் மேல்கல்லுக்கு அடியில் ஒரு பச்சை இலை.

ஏரிக்கு அப்பால் எங்கேயோ அஞ்சலை என்ற பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. அவளுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு நான் வழி தவறித் தாமதமாகப் போனேன். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

அத்தாவின் சிலேட்டு

சென்ற வாரம் இந்தப் பகுதியில், நான் சைக்கிள் பழகி, கூவத்தில் விழுந்து, சைக்கிளை விட்டொழித்ததைச் சொல்லியிருந்தேன். கூவத்தில் விழுந்தும் எப்படி உயிரோடு எழுந்தீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்போது அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஐயா. கோடை மாதங்களில் மணல் மட்டும்.

இன்னொருவர், மாட்டுவண்டியில் போயிருக்கலாமே என்கிறார். போயிருக்கலாம். பூந்தமல்லியிலிருந்து சேக்காட்டுக்கு வண்டிப்பாதை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கே நடந்தால் அதில் பாதி தூரம். குறுக்கே என்பது கூவத்து மணல், ஈச்சம்புதர், கள்ளி, காரைமுள், சிவப்புச் சரளைமேடு. நடுவில் ஒற்றையடிப் பாதைகள் நூறு பிரியும். எல்லாம் ஆடு போட்ட பாதை. ஆட்டுக்கு எங்கே போகவேண்டும் என்பதைப் பொறுத்தது அது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. புருஷன் காலராவில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் தகப்பனார், எங்கள் பேச்சில் அத்தா, பூந்தமல்லிக் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஒரு விஷயத்துக்கு ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். நான் மூலையில் உட்கார்ந்திருந்ததை ஒரு மாதம் பார்த்தார். ஒருநாள் காலையில் "படி" என்றார். பட்டணத்துக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு வந்தேன். சுற்றுவட்டாரத்துக்கே நான் ஒருத்திதான். எல்லோரும் நர்சம்மா என்றார்கள்.

நான் ஓர் ஊரில் இருக்கும்போது இன்னோர் ஊரிலிருந்து ஆள் வந்தால் அத்தா கடைச் சிலேட்டில் எழுதிவைப்பார். "கள்ளிக்குப்பம்." அவ்வளவுதான். யார் வீடு, வலி எப்போது கண்டது, எத்தனையாவது பிரசவம், ஒன்றும் இருக்காது. வந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டால், "அழுதாரு" என்பார். வந்தவர்கள் எல்லோரும் அழுதவர்கள்தான். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் மூன்று கல்

அஞ்சலையின் முதல் பிரசவத்தின்போது அப்படித்தான் ஆயிற்று. சிலேட்டில் "சேக்காடு" என்று இருந்தது. அவள் புருஷன் முனுசாமி விடியற்காலையில் வந்து, என்னைக் காணாமல், சேதியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பெண்டாட்டியைத் தனியாக விட்டுவிட்டு வந்தவர் உட்கார்ந்து காத்திருக்கவா முடியும்.

நான் வீடு திரும்பியதும் கிளம்பினேன். சரளைமேட்டில் பாதை மூன்றாகப் பிரிந்தது. நடுப்பாதையில் போனேன். அது ஒரு கிணற்றில் போய் முடிந்தது. கிணற்றில் தண்ணீர்கூட இல்லை. திரும்பி வந்து, அடுத்த பாதையில் போய், சேக்காட்டுக்கு அந்தண்டை அவர்கள் குடியிருப்பைக் கண்டுபிடித்தபோது இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது.

குழந்தை கால் பக்கமாக வந்திருந்தது. படித்தவள் கை உடனே பட்டிருந்தால் பிழைத்திருக்கும். அதை முனுசாமியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் என்னைப் பாதைவரை கொண்டுவந்து விட அவர் கூடவே வந்தார். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்து மூன்று கல் பொறுக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஆட்டிப் பார்த்தார். பிறகு நடந்தார்.

மூன்றாவது இடத்தில் நான் கேட்டேன், "இன்னாத்துக்கு இது?"

"அடுத்த தபா தெரியட்டும்னு," என்றார்.

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கூவத்து மணலுக்கு வந்ததும் கடைசிக் குவியலை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் போனார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். அத்தாவின் சிலேட்டில் எழுத அதுவும் ஒரு சேதி.

கல் பேசிய விதம்

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட வந்த எல்லோரிடமும் அதையே செய்யச் சொல்லிவைத்தேன். நான் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். திரும்பிப் போகும்போது பிரியும் இடத்தில் மூன்று கல் அடுக்கிக்கொண்டே போங்கள். நான் வந்துவிடுவேன்.

வழியில் யாரையாவது கேட்டுப் போகக்கூடாதா என்றால், கூடாது. அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருத்திக்கு வலி கண்ட சேதி எத்தனை பேர் காதில் விழுகிறதோ அத்தனை நாழிகை வலி நீளும். அதனால் யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லக்கூடாது. பையோடு வேகவேகமாகப் போகிற என்னைப் பார்த்து, "இன்னா நர்சம்மா, இப்டி காத்தாட?" என்பார்கள். "ஆமா, காத்தாடத்தான்," என்பேன். அவர்களுக்கும் தெரியும். ஆனால் காதில் விழவில்லை, அதுதான் முக்கியம்.

சிக்கல்கள் வந்தன. முதலில், பழைய கல். போன மாதத்துப் பிரசவத்துக்கு வைத்த குவியல் அப்படியே நிற்கும். அதைப் பின்பற்றிப் போய், நன்றாகத் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தையின் வீட்டில் நின்றேன். மோர் கொடுத்தார்கள். ஆகவே மேல்கல்லுக்கு அடியில் ஒரு பச்சை இலை வைக்கச் சொன்னேன். இலை பச்சையாக இருந்தால் இன்றையது. வேப்பிலை வைத்தார்கள். ஆடு தின்றது. பிறகு ஆடு வாய்வைக்காத ஆடாதொடை இலை என்று முடிவாயிற்று.

அடுத்தது, சேதி மாறினால் என்ன செய்வது. நான் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால், வீட்டுக்குப் பக்கத்துக் குவியலில் மேல்கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும். மெதுவாக வரலாம், ஆனால் வரவேண்டும் என்று அர்த்தம்.

மூன்று கல்லையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தியிருந்தால் வரவேண்டாம் என்று அர்த்தம். அதை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் போனேன்.

கல்லுக்கு வேறு உபயோகங்களும் கிளம்பின. நசரத்பேட்டையில் ஒருவர் தன் மாமியாரின் பல்வலிக்காக ஒன்பது இடத்தில் கல் வைத்து என்னை வரவழைத்தார். மேல்கல்லுக்கு அடியில் இரண்டு இலை வைத்திருந்தார், அவசரம் என்று. அயப்பாக்கத்துப் பக்கம் ஒரு வரப்பில் வைத்த குவியலை எல்லைக்கல் என்று நினைத்து அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். அது வழிக்கல் என்று நான் போய்ச் சொன்னேன். அண்ணன் ஒப்புக்கொண்டார். தம்பி, "நர்சம்மா வந்து சொல்ற அளவுக்கு எங்க நெலம் ஆயிட்ச்சா," என்று என்னிடமும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த வருஷம் அவர் பெண்டாட்டி பிரசவத்துக்குக் கல் மட்டும் வைத்தார். பேசவில்லை.

ஊர் இடம் மாறியது

உலகச் சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். சுவரில் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். எண் போட்ட வீடுகள் போய்விட்டன. நிலமும் போயிற்று, களத்துமேடும் போயிற்று. நாலைந்து குடியிருப்பு ஆட்கள் மாட்டையும் பானையையும் ஓட்டியும் தூக்கியும் வந்து, சேக்காட்டுக்குத் தெற்கே வற்றிக்கிடந்த ஏரியைச் சுற்றி, கரைக்கு அப்பால் ஆங்காங்கே பனையோலைக் குடிசை போட்டார்கள். யார் எங்கே போட்டார்கள் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. முனுசாமியும் அஞ்சலையும் அவர்களில் உண்டு.

கோடை முடிந்து மழை வந்தால் அங்கேயும் இருக்க முடியாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

குடியேறிய இரண்டாவது வாரம் அங்கே ஒரு பிரசவம். வழக்கம்போல் புருஷன்காரர் ஏரிக்குக் குறுக்கே கல் வைத்தார். மூன்று கல், ஆடாதொடை இலை. நான் போனேன், பிரசவம் பார்த்தேன், வந்தேன். மறு வாரம் அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்து, கள்ளிக்குப்பத்தில் தனக்கு ஒரு ஓரமாக இடம் இருப்பதாகச் சொல்லி, குடும்பத்தோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே மண்சுவர் வைத்து வீடும் எழுப்பினார்கள்.

ஏரியில் இருந்தவர்கள் யோசித்தார்கள். அந்தக் குடும்பம் மூன்று கல் அடுக்கியது, இலை வைத்தது, பத்து நாளில் வீடு அமைந்தது. திருத்தணி மலையேறுகிறவர்கள் சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படியோரத்தில் கல் அடுக்குவது அவர்களுக்குப் பழக்கம்தான். இலை வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது புதுத் தகவல். ஆளுக்கொரு வீடு அடுக்கினார்கள்.

எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அன்று சிலேட்டில் "சேக்காடு. கல்." என்று இருந்தது. இரண்டு வார்த்தை. சேக்காட்டில் கல் என்றால் முதல் கல் வைத்த முனுசாமிதான்; அஞ்சலைக்கு நாளும் நெருங்கியிருந்தது. அத்தாவுக்கே அவசரம் தெரிந்திருக்கிறது என்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன்.

ஏழு முனுசாமிகள்

ஏரி ஓரத்தில் நின்று பார்த்ததில், கிழக்கே ஒரு வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏழு குவியல், நூல் பிடித்ததுபோல் நேராகப் போயின. இதுதான் வழி என்று விறுவிறுவென்று நடந்தேன். ஏழாவதோடு நின்றுவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அது அண்ணன் தம்பி ஏழு பேர். பக்கத்துப் பக்கத்தில் வீடு கேட்டிருந்தார்கள்.

திரும்பி நடு ஏரிக்கு வந்தேன். வறண்ட கிணறு கண்முன் வந்து நின்றது. ஒரு குவியலைத் தாண்டக் காலை எடுத்தேன்.

"அத்த மிதிச்சிடாத. அது எங்க ஊடு."

ஓலைத் தட்டி ஒன்றை நிழலுக்குச் சாய்த்துவைத்து, அதன் கீழ் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பேர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆடு வந்து கல்லைத் தள்ளிவிடாமல் காவல் இருந்தாள்.

"ஊடா?" என்றேன்.

"பின்ன? கீய கீறது கூடம். அதும்மேல சமையக்கட்டு. அதுக்கு மேல மாட்டுக்கொட்டா. உச்சில சின்னதா கீது பாரு, அது கோயிக்கூண்டு."

சமையல்கட்டுக்கு மேல் மாடு எப்படி ஏறும் என்று நான் கேட்கவில்லை. நாலு கல்லும் ஆடாமல் அசையாமல் நின்றன. நன்றாகக் கட்டிய வீடு.

"முனுசாமி குடிசை எது?" என்றேன்.

"எந்த முனுசாமி? ஏயு பேரு கீறாங்க."

"அஞ்சலை புருஷன்."

"அதுல மூணு பேரு அஞ்சல புருசன்."

"மாசமா கீற அஞ்சலை."

கன்னியம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு," என்றாள். "ஒருத்தி மேக்கால மதகாண்ட. ஒருத்தி கெயக்கால பனந்தோப்பாண்ட. எந்த அஞ்சல வோணும் ஒனக்கு?"

மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். தப்பான பக்கம் போனால் அவ்வளவுதான். வலி வந்த அஞ்சலை எனக்கு வேண்டும். அதைத்தான் சொல்லக்கூடாது. நாங்கள் பேசுவதைப் பார்த்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேறு வந்து நின்றுவிட்டார்கள். மாடி வேண்டும் என்று ஏழு கல் அடுக்கியிருந்த பெரியவர் ஒருவரும் வந்தார்.

"காத்தாட வந்தியா நர்சம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். மரியாதைக்குக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. முனுசாமி குனிந்து குனிந்து கல் பொறுக்கியதுதான் ஞாபகம் வந்தது.

"அவளுக்கு வலி கண்டுடுச்சு," என்றேன். "இந்தக் கல்லுல என் கல்லு எது, வழி எதுன்னு எனக்குத் தெரியல. போன தபாவும் இப்படித்தான் வழி தெரியாம நின்னேன். புள்ள செத்துப்போச்சு."

பத்துப் பதினைந்து பேர் காதில் விழுந்துவிட்டது. அவர்கள் கணக்கில் நான் அந்தப் பெண்ணின் வலியைப் பொழுது சாயும்வரை நீட்டிவிட்டிருந்தேன்.

கன்னியம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"இது ஒன் கல்லா? வயிக்கு வெக்கற கல்லா?" என்றாள்.

"ஆமா."

"அந்தக் கள்ளிக்குப்பத்துக்குப் போனவங்க வெச்சது?"

"அதுவும் வழிக்குத்தான். பிரசவத்துக்கு."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்தாள். கோழிக்கூண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் பக்கத்தில் மாட்டுக்கொட்டாய். அதன் பக்கத்தில் சமையல்கட்டு. கூடத்தை மட்டும் இரண்டு கையாலும் பெயர்த்து, புரட்டி, மெதுவாகக் கிடத்தினாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் இங்க கேளுங்க. அவங்கவங்க ஊட்ட அவங்கவங்க எட்த்துடுங்க. எடுக்காம எது நிக்குதோ அது நர்சம்மா கல்லு."

அவரவர் வீடு

பலவந்தமாக வீட்டை இடித்தவர்கள் வந்து போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எடுத்தார்கள். வேலைக்குப் போனவர்களின் கல்லை அவர்கள் வீட்டுப் பெண்கள் எடுத்தார்கள். யாரும் காலால் தள்ளவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பக்கம் பக்கமாக வைத்தார்கள், எந்தக் கல் எந்த அறை என்று மறந்துபோகாமல் இருக்க. ஒருத்தி தன் அக்காள் அடுக்கிய கல்லை எடுக்கும்போது, அக்காள் நசரத்பேட்டைக்குப் போயிருந்தபடியால், நசரத்பேட்டை இருக்கும் திசையைப் பார்த்து, "கோச்சிக்காதக்கா," என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.

மாடிவீட்டுப் பெரியவர் மேலே இருந்த நாலு கல்லை மட்டும் எடுத்துவிட்டு நின்றார்.

"மிச்சம் மூணு கீதே," என்றாள் கன்னியம்மா.

"மாடியத்தான் எட்த்துட்டேனே."

"மூணு கல்லு நின்னா நர்சம்மா உன் ஊட்டுக்குத்தான் வருவா. புள்ள பெத்துக்கப் போறியா?"

பெரியவர் கீழ்வீட்டையும் எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஏரி தெளிந்தது. ஒன்பது குவியல் நின்றன. இறங்கும் இடத்திலிருந்து வளைந்து, நடு ஏரிக்கு வராமலே, மேற்கே மதகைப் பார்த்துப் போயின. நான் கிழக்கே பனந்தோப்புக்குத்தான் போவதாக இருந்தேன்.

போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது இரண்டு பக்கமும் தரையில் கல் மூன்று மூன்றாகப் படுத்துக் கிடந்தது. அவர்களுக்கு அது வீடு. எனக்கு அதற்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது. வரவேண்டாம், வரவேண்டாம் என்று ஏரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நிற்கிற கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

மதகுக்குப் பக்கத்தில் ஒன்பதாவது குவியல். மூன்று கல்லும் இடத்தில் இருந்தன. அப்பால் குடிசை. வாசலில் முனுசாமி வெந்நீர்ப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே அஞ்சலை.

இந்தக் குழந்தையும் கால் பக்கமாகத்தான் வந்தது. இந்த முறை நான் இருந்தேன். அதற்கு மேல் எழுதினால் வாரப் பத்திரிகைக்கு ஆகாது. பெண் குழந்தை. முதலில் அழவில்லை. நான் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுதது. அப்படி ஒரு அழுகை, கரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அஞ்சலையும் அழுதாள். நான் டிங்சர் பாட்டிலை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்து கை கழுவினேன். முனுசாமி தண்ணீர் ஊற்றினார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கல்லு தெரிஞ்சிதா நர்சம்மா?"

"தெரிஞ்சிது," என்றேன்.

"சரியாத்தான் வெச்சேன். அங்க ரொம்பக் கல்லா கீதே, ஒனக்குப் பேஜாராப் பூடுமோன்னு இருந்திச்சு."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

சாயங்காலம்

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஏரியில் ஒன்பது குவியல் மட்டும் அப்படியே நின்றன. மற்றக் கல்லெல்லாம் கிடந்தபடியே கிடந்தன. யாரும் எடுத்து அடுக்கியிருக்கவில்லை.

கன்னியம்மா அதே தட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். காவல் காக்க அங்கே எதுவும் இல்லை.

"அயுதுச்சா?" என்றாள்.

"அழுதுச்சு. பொண்ணு."

"கேட்டுச்சு," என்றாள். அழுகை அவள் காதிலேயே விழுந்திருந்தால் என்னிடம் எதற்கு விசாரித்தாள் என்று தெரியவில்லை. என் வாயால் கேட்கவேண்டும் என்று இருந்திருக்கும்.

"ஏன் இன்னும் அடுக்கல?" என்றேன்.

"எட்த்த கையே திருப்பி வெக்கக் கூடாது. வேற கைதான் வெக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்ல கையா இருந்தா தேவல."

மத்தியானம் ஏரியில் இருந்தவர்களில் கல்லை எடுக்காத கை என்னுடையது ஒன்றுதான். எனக்கு அந்த வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் தொழுகை தவிர வேறு வேண்டுதல் கிடையாது; தெரிந்தால் அத்தா ஒரு வார்த்தைக்கு மேல் பேசியிருப்பார். கல் வைத்ததால் கள்ளிக்குப்பத்தில் வீடு வரவில்லை, மாமனார் இருந்ததால் வந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். மத்தியானமே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

குந்தி உட்கார்ந்தேன். கூடத்தைத் தூக்கி வைத்தேன். அதன்மேல் சமையல்கட்டு. மாட்டுக்கொட்டாய் கொஞ்சம் ஆடியது. சின்னச் சரளை ஒன்றை முட்டுக்கொடுத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன்.

"கோயிக்கூண்டு?" என்றாள்.

அது எப்படியோ உருண்டு போயிருந்தது. இரண்டு பேரும் தவழ்ந்து தேடினோம். கன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். ஆனால் தொடவில்லை. விரலைக் காட்டினாள். நான் எடுத்து ஊதி, இலையை வைத்து, அதன்மேல் வைத்தேன். அவள் தலையைச் சாய்த்து நாலு பக்கமும் பார்த்தாள். கோணல் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து திரும்பினேன். ஏரி நெடுக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் அவரவர். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஏழு அண்ணன் தம்பிகளும் வேலையிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள். மாடிவீட்டுப் பெரியவர் ஏழு கல்லையும் துண்டால் துடைத்து, பெரியது சிறியது பார்த்து வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

பையைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு, முதலில் அவரிடம் போனேன். மாடிக்கு நேரம் பிடிக்கும்.